ஜன்னல் கம்பி

நடராஜுக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது. ஆட்டிசக் குழந்தைகளுக்கான பள்ளி இனி கிடையாது. பாளையங்கோட்டையில் பெரியவர்களுக்கான பகல் மையத்துக்குத் தனியாக பஸ்ஸில் போகவேண்டும். "நீங்கதான் பழக்கணும்" என்று மைய ஆசிரியை விஜயஸ்ரீ சொல்லிவிட்டார். தாயில்லாத அந்த வீட்டில் அதற்கு அத்தை கோமுதான் இருந்தாள். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

டவுன் ஆர்ச் நிறுத்தத்தில் இன்றும் பாடம் நடந்தது.

"லே, பஸ் வந்ததும் என்ன செய்யணும்?"

"கையை விட்டுரணும்."

"நேத்து என்ன செஞ்சே?"

"ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கிட்டேன்."

"கண்டக்டர் ஏசுனாரா, இல்லியா?"

"ஏசுனாரு."

"ஊரே பாக்க அழுதே. இன்னைக்கு அழப்படாது. பயம் வந்தா?"

"பைய மூச்சு விடணும்."

"அவ்வளவுதான். தேறிருவே."

பஸ் வந்தது. முதுகில் பையோடு நடராஜ் விறுவிறுவென்று ஏறினான். ஜன்னலோரம் உட்கார்ந்து, இலவச பாஸை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான்.

கீழே நின்ற அவன் அப்பா, வங்கி மேலாளர் குமரகுருபரன், அக்கா கோமு சொல்லிக்கொடுத்தபடியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பைய மூச்சு விட்டார். கண் கலங்கியது. ஆனால் ஜன்னல் கம்பியைத் தொடவில்லை.

கோமு தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தாள். "தேறிட்டே லே."

நடராஜ் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தபடியே ஜன்னல் வழியாகச் சொன்னான்:

"அப்பா, நாளைக்கு வீட்டு வாசல் வரைக்கும் வந்தாப் போதும்."