இன்னும் கொஞ்சம் தீ

ஒரு வாரமாக பியூலாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. மகள் ஷைனி ராத்திரி லைட்டை அணைக்க விடாமல் அழுதாள். ஏனென்று கேட்டால் வாயே திறப்பதில்லை. தென்காசி பிளெக்ஸ் கடையில், கம்ப்யூட்டர் முன்னால் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தவளை, சபைக்குப் புதிதாக வந்திருந்த தனசிங் பிரதர் நரகம் வரையச் சொல்லிப் பாடாய்ப் படுத்தினார்.

"இன்னும் கொஞ்சம் தீ போடுங்க, சிஸ்டர். எண்ணெய்ச் சட்டி எங்க?"

"வேதத்துல அக்கினிக் கடல்தானே இருக்கு, பிரதர்?"

"கடல்னா குளிக்கத் தோணும். சட்டின்னாதான் பயம் வரும்."

குற்றாலத்து சிப்ஸ் கடைச் சட்டி ஒன்றின் போட்டோவை எடுத்து ஒட்டினாள். பிரதர் பூரித்துப்போனார்.

"அப்படியே நரகம். பாக்குத ஒருத்தரும் தூங்கக் கூடாது."

"விசுவாசம் வந்தா பயம் போகும்னுல்லா எங்க அப்பா சொல்லுவாரு. நீங்க பயத்தைக் காட்டி விசுவாசத்தைப் பிடுங்கப் பாக்குதீங்க."

"உங்களுக்கு ஊழியம் தெரியாது, சிஸ்டர்."

"சரி, எவ்வளவு உயரத்துல கட்டணும்?"

"தரையில இருந்து ரெண்டடி. சண்டே ஸ்கூல்ல அஞ்சு வயசுப் பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு நேரா இருக்கணும்லா. போன வாரம் வாயால சொன்னதுக்கே உங்க ஷைனி நடுங்கிட்டா. படத்தைப் பாத்தா மறக்கவே மாட்டா."

பியூலாவின் தூக்கம் பறந்தது. படத்தை அப்படியே அழித்தாள்.

"ஆண்டவர் பிள்ளைகளை அள்ளி அணைச்சாரு, பிரதர். நீங்க அள்ளிச் சட்டியில போடுதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை கிளாஸை நான் எடுக்கேன். விசுவாசம்னா என்னன்னு தெரியணும்னா, நீங்களும் வந்து ஷைனி பக்கத்துல உக்காருங்க."