பச்சை ஸ்வெட்டர்

"இந்தத் தடவை என்ன கேட்டாங்களாம்?"

"கையில பூசற கிரீம், அண்ணி. நான் பூசற அதே கிரீம்தான் வேணுமாம்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பொரா என் தம்பி கிதேயோட பொண்டாட்டி. யார் எதைக் கேட்டாலும் மறுபேச்சு பேசாம எடுத்துக் கொடுத்துட்டு நிக்கிற ஜென்மம்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சு, ரெண்டு பேரும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடிவு பண்ணாங்க. பேரு தான்பி. அப்ப ஒரு வயசு. கோர்ட்டு உத்தரவு வர்ற வரைக்கும் குழந்தை வளர்ப்புத் தாய்கிட்டதான் இருக்கணும். பிறந்த மூணாம் நாள்லேருந்து அவளை வெச்சு வளர்க்கறவங்கதான் இந்த ஓக்பூன் அம்மா. அறுபது வயசு இருக்கும். ஜொன்ஜு ஊர்ல, சந்தைக்குப் பின்னாடி, மூணாவது மாடியில வீடு.

சனிக்கிழமை மட்டும் போய்ப் பாக்கலாம்னு அனுமதி. கிதேக்கு அன்னைக்கும் வேலை. அதனால பொராவைக் காரில கூட்டிட்டுப் போறது நான்தான்.

முதல் நாள் பொரா கையை நீட்டினதும் தான்பி கத்தினா பாருங்க ஒரு கத்து, கீழ் வீட்டுக்காரங்க வெளியே வந்து எட்டிப் பாத்தாங்க. ஓக்பூன் அம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டவ, நாங்க கிளம்பற வரைக்கும் திரும்பவே இல்லை. அடுத்த வாரமும் அதே கதைதான்.

திரும்பி வர்றப்ப பொரா அழுதா.

"வீட்டுக்கு வந்தப்புறமும் என்னைப் பாத்து இப்படியே கத்தினா என்ன பண்றது அண்ணி? கோர்ட்டு உத்தரவு போட்டுட்டா மட்டும் நான் அவளுக்கு அம்மாவாகிடுவேனா?"

காரில ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டி வெச்சேன்.

அந்த அம்மா ஒவ்வொண்ணாக் கேக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். முதல்ல, பொரா போட்டிருந்த பச்சை ஸ்வெட்டர். நல்லா இருக்கே, கொடுத்துட்டுப் போயேன்னாங்க. துவைச்சு எடுத்துட்டு வரேன்னு இவ சொன்னா, அதுவரைக்கும்கூடப் பொறுக்கலை. இவளும் அங்கேயே கழட்டிக் கொடுத்துட்டு, அக்டோபர் குளிர்ல நடுங்கிக்கிட்டே காருக்கு வந்தா. அடுத்த வாரம் துணி துவைக்கற சோப்பு. அதுக்கடுத்த வாரம் தலையணை உறை. இப்போ கிரீம்.

எப்பப் போனாலும் அந்த அம்மா உடம்புல பச்சை ஸ்வெட்டர்தான். ஒரு நாள் பாத்தா, கொண்டையையும் வெட்டிட்டு, பொரா மாதிரியே கழுத்தளவு முடியோட வந்து கதவைத் திறக்கறாங்க.

"என்ன, கல்யாணப் பொண்ணாட்டம் ஜோரா இருக்கீங்க?" குத்தலாத்தான் கேட்டேன்.

"அப்படியா தெரியுது?"ன்னு சிரிச்சுட்டு டீ போடப் போயிட்டாங்க. உறைக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பொராவுக்கு ஒரு டோஸ் விட்டேன். இப்படியே போனா உன் செருப்பையும் கேப்பாங்கன்னேன்.

"கேட்டா கேட்டுட்டுப் போகட்டும் அண்ணி. குழந்தை அவங்க கையிலதானே இருக்கு"ன்னா. கத்தறது கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சே தவிர, தான்பி அதுவரைக்கும் ஒரு தடவைகூட இவ கைக்கு வரலை.

டிசம்பர்ல உத்தரவு வந்துச்சு. குழந்தையைக் கூட்டிட்டு வரப் போனோம். வாசல்லயே பூண்டும் மீன் சாறும் குப்புன்னு மூக்குல அடிச்சுது. குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டுக்கிட்டிருக்காங்க. ஸ்வெட்டரைக் காணோம். பழைய பழுப்பு ஜாக்கெட், தலையில துணி, முழங்கை வரைக்கும் மிளகாய் விழுது.

"இன்னைக்குத்தான் இந்த வேலை பாக்கணுமா?"ன்னு கேட்டுட்டேன்.

"குழந்தை துணிப்பையை நீங்களே எடுத்துட்டுக் கிளம்புங்க. எனக்கு வேலை கிடக்கு"ன்னாங்க. ஒண்ணேகால் வருஷம் வளர்த்த குழந்தையை ஒரு தடவை தூக்கிக் கொஞ்சக்கூட இல்லை. கல்நெஞ்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

தான்பி வழக்கம்போல அவங்ககிட்ட தத்தித் தத்திப் போனா. பக்கத்துல போனதும் மூக்கைச் சுளிச்சா. நின்னா. அப்புறம் பொரா பக்கம் திரும்பினா. பொரா மூச்சுகூட விடாம உக்காந்திருந்தா. குழந்தை அவ மடியில ஏறி, கழுத்துல மூக்கை வெச்சு மோந்து பாத்துட்டு, அப்படியே சாஞ்சுக்கிட்டா. கத்தலை. பொராதான் அழுதா.

கீழே காருக்கு வந்து துணிப்பையைப் பாத்தா, பொரா பின்னிக் கொடுத்த மஞ்சள் சட்டையைக் காணோம்.

"குழந்தை சட்டையையும் அமுக்கிக்கிட்டாங்களா?" பொரா வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்காம, மூணு மாடியும் ஏறிட்டேன்.

கதவு திறந்தே இருந்துச்சு. கையைச் சுத்தமா கழுவிட்டு, சமையலறைத் தரையில உக்காந்திருந்தாங்க ஓக்பூன் அம்மா. அந்த மஞ்சள் சட்டையை மூக்கோட சேத்துப் பிடிச்சிருந்தாங்க.

என்னைப் பாத்ததும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

"ஸ்வெட்டர், உறை எல்லாம் நீலப் பையில வெச்சிருக்கேம்மா. ரெண்டு மாசமா ராப்பகலா அதைத்தான் போட்டிருந்தேன். பொராவோட வாசனை குழந்தைக்குப் பழகணுமில்லையா? இன்னைக்கு என் வாசனை தெரிஞ்சா அழுதுடுவா. அதான் காலையிலேருந்து இந்த மீன் சாறு."

நான் அவங்க பக்கத்துல தரையில உக்காந்தேன்.

"இது நேத்து போட்டது. இன்னும் துவைக்கலை. இதை மட்டும் நான் வெச்சுக்கட்டுமா?"

ரெண்டு மாசத்துல அந்த அம்மா தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான்.