வில்லாளி சாக வேண்டிய ஞாயிறு

பார்வையில்லாத தம்பி செங்கதிருக்காக மிருதுளா ஒரு செயலி எழுதியிருந்தாள். நண்பர்களோடு மேசையில் அவன் ஆடும் கதை விளையாட்டின் விதிகளையும், அதில் அவனுடைய ஆளான வில்லாளிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பதையும் அது தமிழில் அவன் காதில் சொல்லும். கேட்டவர்களுக்கெல்லாம் அதை இலவசமாகக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை விளையாட்டின் உரிமையாளர்களிடமிருந்து பதிப்புரிமை மீறல் நோட்டீஸ் வந்தது. அவள் படித்து முடிப்பதற்குள் செயலி எல்லாருடைய கருவிகளிலிருந்தும் அழிந்துவிட்டது.

ஞாயிறு ஆட்டத்தில் அவளே தம்பியின் அருகில் உட்கார்ந்து விதிகளை வாசித்தாள். இரண்டாவது வரியிலேயே சுவரிலிருந்து ஒட்டுக்கேட்கும் உரிமைக் கண்காணிப்புக் கருவி குறுக்கிட்டது.

"அனுமதியில்லாத வாசிப்பு. இது முதல் எச்சரிக்கை. மூன்றாவதில் வீட்டின் இணைப்பு துண்டிக்கப்படும்."

யாருக்கும் அது புதிதல்ல. எல்லோர் வீட்டுச் சுவரிலும் அது இருந்தது.

"விடுக்கா," என்றான் செங்கதிர். "ரஃபீக், இந்தச் சண்டைல என் ஆளைச் சாகடிச்சிரு. ஆறு வருஷம் ஆடியாச்சு, போதும்."

கதையை நடத்தும் ரஃபீக் தன் குறிப்புகளைப் புரட்டினான். "பூதம் நீ நிக்கிற பாலத்தை உடைக்குது. இருபது விழுந்தாத்தான் தப்பிப்ப. உருட்டு."

செங்கதிர் எண்கள் புடைத்திருக்கும் தன் இருபது முகப் பகடையை உருட்டினான். மேலே நின்ற எண்ணை விரலால் தடவினான். இன்னொரு முறையும் தடவினான்.

"இருபதுக்கா," என்றான் அலுப்போடு. "சாகவும் மாட்டேங்கிறான்."

மிருதுளா விட்ட வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். சுவர் இரண்டாவது எச்சரிக்கையைச் சொன்னது. அவள் நிறுத்தவில்லை.