கரைக்கு வந்த மீன்

மாதேஸ்வரன் மூன்று முறை விசில் ஊதினார்.

குளத்தின் மேல் பனிமூட்டம் இன்னும் முழுதாக விலகவில்லை. விலகிய இடமெல்லாம் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கட்லா, ரோகு, ஜிலேபி. நூற்றுக்கு மேல் இருக்கும்.

தலைச்சோலை கிராமத்துக்கு மேற்கே இருக்கும் அந்தக் குளம் ஊருக்குப் பொது. குஞ்சு விட்டதும் ஊர்தான், காவல் காப்பதும் ஊர்தான். வீட்டுக்கு மூன்று நாள் முறை. விசில் யார் கழுத்தில் தொங்குகிறதோ அவர் ராப்பகலாகக் கரையை விட்டு நகரக் கூடாது. திருவிழாவுக்கு முந்தின நாள் வலை இறங்கும். எல்லா வீட்டுக்கும் சம பங்கு. அதுவரை ஒரு மீனைத் தொட்டாலும் அந்த வீட்டை ஊர் ஒதுக்கிவிடும்.

வெறும் மிரட்டல் இல்லை. போன வருஷம் ஞானசுந்தரம் தூண்டில் போட்டு ஒரே ஒரு ஜிலேபி பிடித்தார். அவர் மகளின் காதுகுத்துக்கு ஊரில் ஒருவர்கூடப் போகவில்லை.

நேற்றும் இன்றும் விசில் மாதேஸ்வரன் கழுத்தில்.

சத்தம் கேட்டு ஊரே வந்துவிட்டது. கரையோரம் வரிசையாக நின்று பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. 

கடை வைத்திருக்கும் தெரசம்மாள் மட்டும் முணுமுணுத்தாள். "விசிலு கழுத்துல இருந்தா போதுமுங்களா? கண்ணு தொறந்திருக்கோணும்."

குளக் கமிட்டித் தலைவர் வெங்கடாசலம் கிட்டே வந்து மாதேஸ்வரன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். அந்த விரல்களில் ஆரஞ்சுத் தோல் வாசனை அடித்தது.

"ஆரு பண்ணுனது மாதேசு?"

"தெரியலீங்கண்ணா."

"எங்கீமே நவுரலையா நீயி?"

"இல்லீங்கண்ணா."

அப்போதுதான் மேட்டிலிருந்து ஆசிர் ஓடி வந்தான். மேலே உள்ள எஸ்டேட்டில் மருந்து அடிக்கும் வேலை அவனுக்கு. மூச்சு வாங்கியது.

"ஆரும் இந்த மீனத் தொட்றாதீங்க. நேத்து மத்தியானம் செடிக்கு மருந்தடிச்சோம். அடிச்ச கையோட மழ. அத்தனையும் ஓடையில எறங்கிருச்சு. விடியால ஒரு நாய் இங்கிருந்து மீனக் கவ்விட்டு வந்துச்சுங்க. ரோட்டுல செத்துக் கெடக்குது."



ஆசிர் தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான். "நேத்துப் பொழுதெறங்கவே மீனு மயங்கிக் கரைக்கு வந்திருக்குமே. ஆரும் பாக்கலீங்களா?"

மாதேஸ்வரன் பார்த்திருந்தார்.

நேற்று இருட்டத் தொடங்கிய நேரம், ஒரு கட்லா கரையோரம் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. கையை விட்டார். அது நகரவே இல்லை. அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தார். துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி கலாவிடம் கொடுத்தார். மகள் தீபிகா வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "எனக்கு வாலுப் பக்கம்" என்றாள்.

அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டார். மீன் வாசனை போக ஆரஞ்சுத் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டு விடியும் வரை கரையிலேயே இருந்தார். வீட்டில் என்ன ஆனது என்று தெரியாது.

கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி கலாவின் நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அடித்து அடித்து ஓய்ந்தது.

வீடு கிட்டேதான். ஆனால் ஏற்காடு ஆஸ்பத்திரி கிட்டே இல்லை. முதல் பஸ் எட்டு மணிக்கு. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போக ஊரில் இருப்பது ஒரே ஒரு ஜீப், அது வெங்கடாசலத்தினுடையது.

கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

காவல்காரனே திருடன் என்றால் ஞானசுந்தரத்துக்கு நடந்ததைவிட மோசமாக நடக்கும். தீபிகாவோடு பள்ளிக்கு நடக்கக்கூட ஒரு பிள்ளை வராது.

அவள் பள்ளிக்குப் போக உயிரோடு இருக்க வேண்டும்.

மாதேஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். 

"அண்ணா, ஜீப்பக் குடுங்க. நேத்து ஒரு மீன எடுத்துட்டேன். அரை மணி நேரம் கரையில நானில்லீங்க. ஊட்டுல கொழந்தையும் அவளும் தின்னிருப்பாங்க. போனை எடுக்கல. என்னைய என்ன வேணா பண்ணுங்க, ஜீப்பு மட்டும் குடுங்க."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

விழவில்லை.

கண்ணைத் திறந்தபோது வெங்கடாசலத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்த்திருந்தது.

"அரை மணி நேரம்" என்றார், தனக்குள்ளேயே. விசில் கையிலிருந்து நழுவி விழுந்தது.

பிறகு வேட்டியைத் தூக்கிக் கட்டக்கூட நிற்காமல் ஜீப்பைப் பார்த்து ஓடினார். ஜீப் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவில்லை. அவர் வீட்டுப் பக்கம் திரும்பியது.

தெரசம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறினாள். "மேரி, ஏ மேரி" என்று அங்கிருந்தே மகளைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பின்னால் ஒருவர். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் எல்லோருமே ஓடினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு பாதையில், அவரவர் வீட்டுக்கு.

ஆசிர் ஒன்றும் புரியாமல் நின்றான்.

கரையின் கடைசியில், யாரும் கூப்பிடாமலே வந்து தள்ளி நின்றிருந்த ஞானசுந்தரம் தன் பழைய வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறுங்க மாதேசு" என்றார். "எங்கூட்டுல ஆரும் திங்கல."