கூப்பிட்டால் வருகிறவர்கள்

திரையில் சிறுமி ஆற்றங்கரையில் நின்று மந்திரத்தைச் சொன்னாள். மூடுபனிக்குள்ளிருந்து அவளுடைய அம்மா நடந்து வந்தாள்.

டெர்க் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான்.

"இந்த இடம்தான் தப்பு."

ரோஸ்லின் போர்வையை இழுத்துக் கால்மேல் போட்டுக்கொண்டாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மிஷிகனில் மார்ச் வரை சனிக்கிழமை மதியங்கள் இப்படித்தான்.

சபை நூலகத்துக்கு வரும் கார்ட்டூன் தொடர்களைப் பார்த்து, பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வது இந்தக் கணவன் மனைவியின் ஊழியம். பாஸ்டர் வைத்த விதி ஒன்றே ஒன்று. 'என் பிள்ளைக்கு இதைக் காட்டுவேனா?' என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகாது என்று சொல்லிவிட்டால் மீதிப் பாகங்கள் வராது.

"முதல்ல வந்த அந்த டிராகனைப் பார்த்தா நம்ம பொண்ணு தூங்கவே மாட்டா," என்றான் டெர்க்.

"பயந்தாங்கொள்ளி நீதான். அவ என்னை மாதிரி. டிராகனுக்கே பேர் வெச்சிடுவா."

"பேர் வெச்சு, தன் தட்டுல இருக்கிற பட்டாணியை எல்லாம் அதுக்குத் தள்ளிவிடுவா."

"அது உன் புத்தி."

இருவரும் சிரித்தார்கள்.

"பேசுற கரடி படம் வந்தப்பவும் அவளுக்கு வயசு பத்தலன்னே," என்றாள் ரோஸ்லின். "இப்ப வளர்ந்துட்டா, டெர்க்."

அவன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். காப்பி ஆறிப்போயிருந்தது.

"டிராகன் இல்ல, ரோஸ். மந்திரம்கூட இல்ல. கூப்பிட்ட உடனே வந்துடுறாங்க பாரு, அதுதான். உருகிக் கூப்பிட்டா வந்துடுவாங்கன்னு அவ நம்பிட்டா, ஜெபத்துக்குப் பதில் வராதப்ப அவகிட்ட என்ன சொல்லுவே?"

ரோஸ்லின் டிவிடி உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மாவும் பொண்ணும் கட்டிப்பிடிக்கிற வரைக்குமாவது ஓடவிடு," என்றாள் கடைசியில்.

அழைப்பு மணி அடித்தது.

ஞாயிறு பள்ளியை நடத்தும் கொரின். முடிவைக் கேட்டுப் போக வந்திருந்தாள். வாசலில் நின்ற வேனுக்குள் அவளுடைய நான்கு பிள்ளைகளும் போட்ட கூச்சல் வீட்டுக்குள் கேட்டது.

"நல்லவேளை, இதை உங்ககிட்டக் கொடுத்தாரு பாஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே காலணியில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள். "எங்க வீட்டுலன்னா போட்ட உடனே நாலும் முன்னாடி வந்து உக்காந்துக்கும். பிள்ளை இல்லாத வீட்டுல பார்த்தா யாரும் கெட்டுப்போக மாட்டாங்கன்னு அவர் சொன்னது சரிதான். ம், ஆகுமா ஆகாதா?"

ரோஸ்லின் டிவிடி உறையைக் கையில் வைத்திருந்தாள். நீட்டவில்லை.

டெர்க் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"எங்க வீட்டுல இன்னும் பேசி முடிக்கல," என்றான். "அடுத்த பாகத்தையும் கொண்டு வாங்க."