கால் நீட்டும் பயிற்சி

அவள் இரண்டு கைகளையும் அவன் முட்டியின் மேல் வைத்து அழுத்தினாள்.

"ஐயோ! மெதுவாட்டி, மூதேவி!"

மெதுவாவது ஒண்ணாவது! இன்னும் கொஞ்சம் பாரத்தை இறக்கினாள்.

கட்டிலில் நீட்டிய கால். குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. முட்டி மெத்தையைப் பார்த்து இறங்க வேண்டும். இறங்கினால்தான் கால் நேராகும். நேரானால்தான் மனுஷன் ஊன்றி நடப்பான்.

பைக்கிலிருந்து விழுந்து முட்டி உடைந்து, தகடு வைத்துத் தைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அந்தக் கால் வளைந்தே கிடந்தது. பயிற்சி கொடுக்கிற பெனிட்டா வாரத்துக்கு ஒருநாள்தான் வருவாள். மற்ற நாளெல்லாம் பெண்டாட்டி செய்ய வேண்டும்.

"கத்துவாங்க, வைவாங்க. விட்டுராதீங்கக்கா. இரக்கப்பட்டா கால் போச்சு" என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தாள் பெனிட்டா.

இரக்கமா? இவளுக்கா?

இதே வலது கால்.

இவள் இடுப்பில் இறங்கிய கால். குழம்பில் உப்பு கூடினால் இறங்கும். தம்பி வீட்டுக்குப் போய்வந்தால் இறங்கும். காரணம் கிடைக்காத நாளிலும் இறங்கும். இப்போதும் குனிந்து பெருக்கினால் இடுப்பில் சுருக்கென்று பிடிக்கிறது.

அதனால் அழுத்தினாள். ஆசை தீர அழுத்தினாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அலறுவான். இவளுக்கு வயிறு குளிரும்.

அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "குடுத்து வச்ச மனுசன். எந்தப் பொண்டாட்டி இப்பிடிப் பாப்பா?" என்றாள். சிரிப்பை அடக்க இவள் அடுப்படிக்குள் ஓட வேண்டியதாயிற்று.

இன்று மத்தியானம் பெனிட்டா வந்தாள். காலை நீட்டி, மடக்கி, அளந்து பார்த்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"சூப்பர்க்கா! எல்லாம் உங்க கைதான். கொஞ்ச நாள்ல கம்பு இல்லாம நடந்துருவாரு."

போகும்போது எப்போதும் சொல்வதை இன்றும் வாசலில் நின்று சொன்னாள். "முட்டிக்கு அடியில தலகாணி மட்டும் வச்சிராதீங்க. சொகமாத்தான் இருக்கும். ஆனா நாள்பூரா மடங்கியே கெடந்தா கால் அப்பிடியே பிடிச்சிக்கிடும். பொறவு ஆயுசுக்கும் நொண்டல்தான்."

பெனிட்டாவை அனுப்பிவிட்டு இவள் உள்ளே வந்தாள். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். காப்பியை நீட்டினாள்.

"ஆறிப்போயிருக்கு" என்றான்.

ஆறவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது.

வலது கால் எழும்பியது.

டம்ளர் சுவரில் போய் மோதியது. கையெல்லாம் காப்பி, சேலையெல்லாம் காப்பி.

அவன் தன் காலையே குனிந்து பார்த்தான். பிறகு சிரித்தான், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி.

"பாத்தியாட்டி? கால் வந்துட்டு!"

கை எரிந்தது. கையைவிட வயிறு எரிந்தது.

வந்துவிட்டதா! யார் கொண்டுவந்தது? இவள்தானே! வெறுத்து வெறுத்து அழுத்தி, இந்தக் கையாலேயே கொண்டுவந்து சேர்த்தாள். அட கிறுக்கி!

குழாயடியில் கையைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வந்து தரையைத் துடைத்தாள். இடுப்பு சுருக்கென்றது.

சாயங்காலப் பயிற்சிக்கு அவன் காலை நீட்டிப் படுத்தான். அவள் முட்டியில் கை வைத்தாள். வைத்ததுமே கத்த ஆரம்பித்தான்.

"வலிக்கா?" என்று கேட்டாள்.

இத்தனை நாளில் அவள் அதைக் கேட்டதே இல்லை. அவன் மிரண்டுபோய்ப் பார்த்தான்.

"உயிரு போகுது."

"சரி, விடுங்க. இன்னைக்கி வேண்டாம்."

குதிகாலடியில் இருந்த துண்டை உருவி எடுத்தாள். பீரோ மேலிருந்த பெரிய தலையணையை இறக்கித் தூசி தட்டினாள். முட்டியை அலுங்காமல் தூக்கி, அடியில் வைத்தாள்.

அவன் உடம்பு தளர்ந்தது. கண் செருகியது.

"அப்பாடா... இவ்வளவு நாளும் இது தெரியலையாட்டி ஒனக்கு?"

"தெரியலங்க. இப்பதான் தெரிஞ்சுது."

சேலையில் காய்ந்திருந்த காப்பிக் கறையைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"இனி தெனமும் வைக்கேன். பெனிட்டா வர்ற அன்னைக்கி மட்டும் எடுத்துருவோம். அந்தப் பிள்ள ஏசும்."

"அவ கெடக்கா. நீ வைட்டி."

அவள் தலையணையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.