இழுப்பறையில் ஓர் உறை

"சார், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நேத்து அந்த உறையைக் கையில எடுத்துட்டேன்."

அக்கா இப்படிச் சொன்னதும் மீட்டிங் அறையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

விஷயம் இதுதான். ஒன்றேகால் லட்சம் வருடத்துக்கு முன்னால் பூமி இன்றைவிடச் சூடாக இருந்தது. அப்போது துருவப் பனி உருகிக் கடல் எத்தனை மீட்டர் உயர்ந்தது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட வேண்டும். போட்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி, ஆராய்ச்சிக்கூடமே 'அக்கா' என்று கூப்பிடுகிறவள். இன்னொருவன் 'தசமம்'. எதற்கும் புள்ளி வைத்துத்தான் பேசுவான். காபி குடிக்கப் போனால்கூட "ஆறு புள்ளி ஐந்து நிமிஷத்துல வரேன்" என்பான்.

இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம். மற்றவர் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பழைய பவளப்பாறைகளை அளந்து கண்டுபிடித்த நிஜ எண் அந்த உறைக்குள் இருப்பதாக ஆராய்ச்சிக்கூடத் தலைவரான சார் சொல்லியிருந்தார். "விடையை முன்னாடியே பார்த்துட்டா, வேணுங்கற அளவுக்குப் பனியை உருக்கிடுவீங்க" என்பது அவர் கட்சி. உறையை நன்றாக ஒட்டித் தன் இழுப்பறையில் வைத்திருந்தார். இழுப்பறைக்குப் பூட்டு கிடையாது. எல்லோருக்குமான ஸ்டேப்ளர் பின்னும் அதில்தான் இருந்தது.

"ஏம்மா எடுத்தே?" என்றார் சார். மேஜைக்குக் கீழே வழக்கம்போல ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"பின் எடுக்கத்தான் சார் போனேன். பெட்டி கட்டட்டுமா வேண்டாமான்னு வீட்டுக்காரர் தினம் கேட்கறார். பொண்ணுக்கு வேற ஸ்கூல் பார்க்கணும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா எண் தெரியுமேன்னு ஒரு சபலம். அப்புறம் மனசு கேட்கலை, வெச்சுட்டேன். சத்தியமா பார்க்கலை."

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா சார்?" என்றான் தசமம்.

"சரி சரி. ரெண்டு பேரும் விடையைச் சொல்லுங்க."

"நாலே கால் மீட்டர் சார்." அக்காவின் குரல் உள்ளே போயிற்று. "இதுக்கு மேல உருக மாட்டேங்குது. கடல் சூடு பனியை அடியில அரிக்கற வேகத்தை ஏத்திவிட்டா கூடும். ஆனா ஏத்தறதுக்கு ஒரு காரணமும் கிடைக்கலை."

"எட்டு புள்ளி ஐந்து!" என்றான் தசமம். "நான் ஏத்தினேன் சார். ஏன் ஏத்தினேன்னு இருபது பக்கம் காரணமும் எழுதியிருக்கேன்."

சார் உறையைக் கிழித்துக் காகிதத்தை எல்லோருக்கும் காட்டினார்.

8.5.

கூடியிருந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். தசமம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"பார்த்தும் தப்பாப் போட்டுட்டீங்களே அக்கா!" என்று கிண்டல் வேறு.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இரும்மா. பெட்டி கட்ட வேண்டாம்னு வீட்டுக்காரருக்குப் போன் பண்ணிடு. வேலை உனக்குத்தான்."

தசமம் துள்ளிக் குதித்தான். "அநியாயம் சார்! புள்ளி பிசகாம எனக்குத்தானே பொருந்துது?"

"பொருந்துதுப்பா. அதான் இடிக்குது. பவளப்பாறை அளந்தவங்க இன்னும் எண்ணே அனுப்பலை. அடுத்த மாசம்தான் வரும்."

"அப்ப... இந்த எட்டரை?"

சார் குனிந்து ஷூ ஒன்றைக் கையில் எடுத்தார். துடைத்து, அடிப்பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே திருப்பினார். சைஸ் 8.5.

"என் கால் அளவுக்கு இருபது பக்கம் காரணம் எழுதின முதல் ஆள் நீதாம்பா!"